விட்டுப்போன எண்டிஃப்

"யாராவது கிட்ட வந்து என்னைத் தூக்கப் பாத்தீங்க, கடிச்சு வெச்சிடுவேன்" என்றாள் நாத்தனார்.

சக்கர நாற்காலியின் இரண்டு பக்கமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். நல்ல மனிதர்கள். காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு மாடி சுமந்து ஏற்றியவர்கள். இந்த அம்மாளையும் அப்படியே ஏற்றிவிடலாம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அம்மாள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்த அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும். கணவரின் ஒரே அக்கா. இரண்டு காலும் ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் குரல் மட்டும் ஒரு படி இறங்கவில்லை. இப்போது அந்தக் குரலின் அடியில் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, லிஃப்ட் ஓடல. போன வாரம் கரன்ட் ஏறி அதோட கன்ட்ரோல் போர்டு எரிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் கழிச்சு வண்டி வந்துடும். அவரை எப்படியும் கீழ கொண்டுவருவாங்க. அப்ப இங்கயே..."

"கீழ எறக்கிக் காட்டுவியா எனக்கு?" நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடிக் கிடந்த லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் கீழ வந்துட்டான்னா திரும்ப மேல போகமாட்டான். நான் மேல போறேன். அவன் வீட்ல, அவன் இருக்கும்போது, நான் போயி ஒரு தடவ உக்காரணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

நாத்தனார் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் மறுபடி நான்கு மாடி ஏறினாள். ஏறும்போது யாரோ இறங்கினார்கள், கையைப் பிடித்தார்கள், என்னவோ சொன்னார்கள். எல்லோரும் கடைசியில் அதே கேள்விக்குத்தான் வந்தார்கள். கடைசியா என்ன சொன்னார்? ஒண்ணும் சொல்லலை என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய்.

நேற்றுக் காலை அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து அவர் கூப்பிட்டார். "இங்க ஒரு நிமிஷம் வாயேன்." அவள் "வரேன், வரேன்" என்றாள். வாளியில் இன்னும் கொஞ்சம் துணி இருந்தது. அதையும் உதறிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். கடைசியாகப் போட்டது அவருடைய நீலச் சட்டை. கிளிப் மாட்டி, காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி கழன்று விழக்கூட இல்லை.

டாக்டர், வலி தெரிந்திருக்காது, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் எதற்காகக் கூப்பிட்டார் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டா கூப்பிட்டார்? குரல் எப்படி இருந்தது? அந்த ஐந்து சொற்களை... ஐந்தா, நான்கா... அதைக்கூடச் சரியாக நினைவுபடுத்த முடியவில்லை. இரவு முழுக்க மனதுக்குள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் அது தேய்ந்தே போய்விட்டது. இப்போது அது அவர் குரலாகவும் இல்லை, வலியாகவும் இல்லை, சாதாரணமாகவும் இல்லை. வாழ்நாள் முழுக்க இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் போகிறோம் என்று நினைத்தபோது மூன்றாவது மாடி வளைவில் அவளுக்குக் கால் தடுக்கியது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டவளை மேலிருந்து ஒரு கை தாங்கியது. "பாத்து மேடம்" என்றது ஸ்பேனரின் குரல்.

ஸ்பேனர், அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கே வந்தவன் என்று அவர் வைத்த பெயர். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று மதியமே வந்தவன், வீட்டுக்குப் போகவில்லை. அழுது அழுது மூஞ்சி வீங்கியிருந்தது.

"கீழ அக்கா கத்துறது கேட்டுச்சு மேடம். ஒண்ணு சொல்லட்டுமா? எரிஞ்ச போர்டுக்குப் பதிலா சார் புது மாடல் போர்டு கொண்டாந்து வெச்சிருக்காரு. அவர் மேசையில இருக்கு. புரோகிராமை ஏத்திக் குடுத்தா போதும், நான் மாட்டி ஓட்டிடுவேன்."

"ஏத்த வேண்டியதுதானே?"

"ஆபீஸ்ல இருக்கிறது பழைய போர்டுக்கான ஃபைல். புதுசுக்கு சார் இங்கதான் எழுதிட்டிருந்தார். யாருக்கும் அனுப்பல." ஸ்பேனர் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் போயி பாத்தேன் மேடம், தப்பா நினைக்காதீங்க. கம்ப்யூட்டர் ஆன்லதான் இருக்கு. ஸ்கிரீன்ல ஏதோ எரர் நிக்குது. எனக்கு அதெல்லாம் தெரியாது."

அவள் மேலே நடந்தாள். ஹாலில் அவர் படுத்திருந்தார். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஆட்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவரைப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவள் பார்த்தாள். ஷேவ் செய்யாத தாடையில் இரண்டு நாள் வெள்ளை முடி முளைத்திருந்தது. இன்றைக்குக் காலையில் எழுந்திருந்தால் ஷேவ் செய்திருப்பார்.

அறைக்குள் அவள் நுழைந்ததும் மகள் பின்னாலேயே வந்தாள். நேற்றிலிருந்து எல்லாவற்றையும் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன் பேசுவது, சான்றிதழ் வாங்குவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. அழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்காத பிள்ளை.

"அம்மா, இப்ப எதுக்கும்மா கம்ப்யூட்டர்?"

"அத்தைய மேல கொண்டுவரணும்."

"அதுக்கு?"

"லிஃப்ட் ஓடணும்" என்றபடி அவள் நாற்காலியைத் தொட்டாள். அதில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை. உட்கார்ந்தாள். முதுகுப் பக்கம் அவர் வைத்திருந்த சின்ன தலையணை அவள் இடுப்பில் இடித்தது.

"அம்மா, நீ வேலைய விட்டு எத்தனை வருஷம் ஆச்சு! நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

"சி லாங்குவேஜ் இன்னும் மாறல" என்றாள் அவள். "மத்ததெல்லாம்தான் மாறியிருக்கு."

மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே போய், யாரையும் உள்ளே விடாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஸ்பேனர் மட்டும் சுவர் ஓரமாக நின்றான்.

மானிட்டரை ஆன் செய்ததும் ஃபைலின் நடுவில் எங்கோ ஒரு பக்கம் வந்தது. அதற்குக் கீழே சிவப்பில் ஒரே ஒரு எரர். முதல் வரியில் திறந்த இஃப் மூடப்படவில்லை. இந்த எரரை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

கம்பெனியில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே புரோகிராம்தான். ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு ஒரு மாதிரி, சரக்கு லிஃப்டுக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாக எழுதுவதில்லை. எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பகுதி என்று இஃப் போட்டுத் திறந்து, அந்தப் பகுதி முடிகிற இடத்தில் எண்டிஃப் போட்டு மூட வேண்டும். ஓர் இஃபுக்குள் இன்னொரு இஃப், அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எங்காவது ஓர் எண்டிஃப் விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் அதை அடிக்கடி விடுகிற ஒரே ஆள் அவர்தான்.

நீளமான பழைய ஆபீஸ் அது. அவர் ஜன்னல் ஓரம், அவள் இரண்டு வரிசை தள்ளி. பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்குவார். "இங்க ஒரு நிமிஷம் வாயேன், எதையோ மூடாம விட்டிருக்கேன்." அவள் போய் அவர் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்று, குனிந்து, தேடிக் கண்டுபிடிப்பாள். அவளுக்குக் கண் அதில் பழகிவிட்டது. கண்டுபிடித்ததும் திட்டுவாள். "மூடுற எடத்துல எந்த இஃபை மூடுறீங்கன்னு பக்கத்துலயே பேரை எழுதி வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" அவர் தலையை ஆட்டுவார். எழுத மாட்டார். மறுநாள் மறுபடி கை தூக்குவார். ஆபீஸே சிரிக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க, வேணும்னேதானே விட்டீங்க?" அவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சேச்சே, எனக்குக் கவனம் பத்தாதும்மா" என்றார். அதற்குமேல் எத்தனை வருடம் கேட்டும் அந்த ஒரு பதில்தான். அவளும் பாதி நம்பினாள். மகள் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டாள். அப்புறம் போகலாம் என்று இருந்தது, அப்புறம் அப்புறம் என்று தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் போனது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார். காதில் ஹெட்போன். சாப்பாடு ரெடி என்று சொல்லக் கதவைத் தட்ட வேண்டும். கெட்டவர் இல்லை, பேசாதவரும் இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே திரையைக் குனிந்து பார்த்த அந்தக் காலம் எங்கோ போய்விட்டது. அதற்காக ஏங்கினாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இந்த வயசில் இதென்ன என்று கேட்பார்கள்.

முந்தாநாள் அவர் புது போர்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தபோது, ஏதோ தோன்றி, அவள் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இதுல எத்தனை இன்புட்?" என்று கேட்டாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்புட் எண்ணிக்கையைச் சொன்னார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்த மாதிரி இருந்தது.

"மேடம்" என்று ஸ்பேனர் தயங்கினான். "முதல் வரியிலதான் தப்புன்னு போட்டிருக்கே. அதை மட்டும் அழிச்சிட்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து முதல் தடவை.

"வாசல்ல கெடக்கிற செருப்பைப் பாத்தியா? எவனோ ஒருத்தன் வெறுங்காலோட வந்துட்டு, போகும்போது பக்கத்துல கெடந்ததை மாட்டிக்கிட்டுப் போறான்னு வெச்சுக்க. அந்தச் செருப்புக்காரன் வந்து பாப்பான், தன்னுது இருக்காது. அடுத்தவனோடத மாட்டுவான். அவன் அதுக்கடுத்தவனோடத. கடைசியா கிளம்புறவனுக்குச் செருப்பே இருக்காது. அவன்தான் கத்துவான். தப்பு அவனோடதா?"

ஸ்பேனர் யோசித்தான். "இல்ல. முதல்ல போனவனோடது."

"அதான். முதல் வரி சும்மா கத்துது. செருப்பைத் தூக்கினவன் நடுவுல எங்கயோ இருக்கான்."

ஃபைலின் கடைசிக்குப் போனாள். கீழிருந்து மேலே வருவதுதான் அவள் பழக்கம். ஒவ்வோர் எண்டிஃபாகப் பிடித்து, அது எதை மூடுகிறது என்று பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். பேப்பர், பென்சில் வேண்டும் என்று நினைத்தாள். மேசையில் தேடக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

கடைசி எண்டிஃபின் பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது எந்த இஃபை மூடுகிறதோ அதன் பெயர். அதற்கு மேலே உள்ளதிலும் இருந்தது. அதற்கு மேலேயும். அவள் வேகமாக மேலே ஓட்டினாள். பக்கம் பக்கமாக, ஒன்றுவிடாமல், ஒவ்வோர் எண்டிஃபுக்குப் பக்கத்திலும் அவள் சொன்ன மாதிரியே, அவள் சொன்ன இடத்திலேயே.

"இது எப்ப இருந்து?" என்றாள். கேட்டது யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

"எது மேடம்?"

"இவர் ஃபைல்ல இந்த எரர் அடிக்கடி வருமா? இப்ப, சமீபமா?"

ஸ்பேனர் இல்லை என்று தலையாட்டினான். "எரரா? சார் கிட்டயா? நீங்க இருந்தப்பதான் மேடம் நான் போர்டை மடியில வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பேன். நீங்க வந்து கண்டுபிடிச்சுக் குடுத்தாதான் நான் கிளம்ப முடியும். நீங்க வேலைய விட்டப்புறம் ஒருநாளும் நான் காத்திருந்ததில்ல. போனா ரெடியா இருக்கும். மத்தவங்க ஃபைல்ல ஏதாவது மூடலைன்னா சார்தான் அவங்களை வாங்கு வாங்குன்னு வாங்குவார்." அவன் மூக்கை உறிஞ்சினான். "நாங்ககூடப் பேசிக்குவோம். மேடம் போனதும் மனுஷனுக்குத் திடீர்னு கவனம் வந்துடுச்சுன்னு."

அவள் கை மேலே ஓட்டிக்கொண்டிருந்தது. பெயரைப் படித்தாள், அந்தப் பெயரில் திறந்த இஃபைப் பார்த்தாள், சரி என்று மேலே போனாள். தீ விபத்துக்கான பகுதி சரியாக மூடியிருந்தது. சரக்கு லிஃப்ட் சரி. ஆஸ்பத்திரி சரி. கதவு திறக்கிற பகுதிக்கு வந்தாள்.

அங்கே ஒரு புது இஃப் இருந்தது. அக்கா என்று ஆங்கில எழுத்தில் அதற்குப் பெயர். உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. தரைத்தளத்திலும் நான்காவது மாடியிலும் கதவு வழக்கத்தைவிட நீண்ட நேரம் திறந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். போன தடவை நாத்தனார் வந்திருந்தபோது பாதி நாற்காலி உள்ளே போவதற்குள் கதவு வந்து இடித்துவிட்டது. "உன் லிஃப்ட் என்னைக் கடிக்குதுடா" என்று தம்பியை ஊர் கேட்கத் திட்டினாள். அடுத்த வாரம் மறுபடி வருவதாக இருந்தாள்.

அந்தப் பகுதியின் முடிவில் எண்டிஃப் இல்லை. எண்டிஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலி வரி இருந்தது. முன்பு மானிட்டரை ஆன் செய்தபோது முதலில் வந்த பக்கமும் இதுதான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கர்சர் இந்தக் காலி வரியில்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் அதைக் கவனிக்காமல் கடைசிக்குப் போய்விட்டாள்.

வலி வந்து, எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். எண்டிஃப் அடிக்கப் போகும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டிருக்கும், கூப்பிட்டிருப்பார், நான் சட்டைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்திருப்பேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் பாதியில் விட்டவர் எதற்குக் கம்பைல் செய்து, சரியா என்று சோதித்தார்? சோதித்தால்தானே எரர் வரும், அது திரையில் நிற்கிறதே.

ஃபைல் நேற்றுக் காலையிலிருந்து மூடப்படவே இல்லை. அவள் இன்னும் ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. கடைசியாக இந்தக் கீபோர்டில் அடித்தது அவர். கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறுகிற இரண்டு பொத்தான்கள் அவள் விரலுக்கடியில் இருந்தன. அழுத்த அவளுக்குப் பயமாக இருந்தது. அழுத்தினாள்.

காலி வரியில் எண்டிஃப் வந்தது. பக்கத்தில் அக்கா என்ற பெயரோடு, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல்.

அவர் எழுதியிருக்கிறார். எழுதி முடித்து, சரியாக மூடி, பக்கத்தில் பெயரும் எழுதிவிட்டு, பிறகு அந்த ஒரு வரியை அழித்திருக்கிறார். அழித்துவிட்டுக் கம்பைல் செய்து, சிவப்பு எரரை வரவழைத்துத் திரையில் நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பால்கனிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்.

இங்க ஒரு நிமிஷம் வாயேன்.

இப்போது குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அதில் வலி இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிடுகிற குரல். எத்தனை தடவை கேட்ட குரல். பாவி மனுஷா, என்று அவள் வாய்க்குள் சொன்னாள். வந்திருப்பேனே. துணி என்ன துணி, தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேனே. இந்தக் குரல்தான் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேனே.

"மேடம்?" ஸ்பேனர் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தான். "தண்ணி கொண்டாரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சிட்டேன்."

அவர் எழுதியது திரையில் இருந்தது. அப்படியே விட்டால் வேலை முடிந்தது. அவள் இன்னும் இரண்டு பொத்தான்களை அழுத்தி அதை மறுபடி காணாமல் போக்கினாள். அது காலி வரியாகவே ஆனது, நேற்று அவர் விட்டுவைத்த மாதிரி. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, தன் கையால் எண்டிஃப் என்று அடித்தாள். பக்கத்தில் பெயரை எழுதினாள். கம்பைல் செய்தாள். சிவப்பு போய்விட்டது.

போர்டில் கேபிளை மாட்டிப் புரோகிராமை ஏற்றிக் கொடுத்ததும் ஸ்பேனர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் மோட்டார் முனகுகிற சத்தம் கேட்டது. ஹாலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். காலி லிஃப்டை மேலும் கீழுமாகப் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் ஆளை ஏற்றச் சம்மதித்தான்.

அவள் கீழே இறங்கிப் போய் நாத்தனாரின் நாற்காலியைத் தானே தள்ளி உள்ளே ஏற்றினாள். சக்கரம் விளிம்பில் ஒருமுறை சிக்கியது. பின்னுக்கு இழுத்து, மறுபடி தள்ளினாள். கதவு அசையாமல் நின்றது. நாத்தனார் பழக்கதோஷத்தில் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, இடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

"என்ன, இந்தத் தடவ கடிக்கல?"

"கடிக்காதுக்கா."

"ஏன்?"

"உங்க தம்பி சொல்லி வெச்சிருக்காரு."

கதவு மூடி லிஃப்ட் மேலே போகும்போது, நாத்தனார் கையை நீட்டி உள்சுவரை ஒருமுறை தடவினாள்.

ஹாலில் தம்பியின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தியதும் வீடே அதிரும் என்று அவள் பயந்தாள். நாத்தனார் கத்தவில்லை. குனிந்து அவருடைய தாடையைத் தொட்டு, "ஷேவ் பண்ணக்கூட நேரமில்ல உனக்கு" என்றாள். அதன் பிறகு நெடுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் மகள் அழுதாள். அத்தையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.

பிறகு நாத்தனார், அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் நாற்காலியை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். மேசை, கீபோர்டு, தலையணை வைத்த நாற்காலி. திரையை அவள் அணைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பால்கனிக் கொடியில் நேற்றுப் போட்ட துணிகள் அப்படியே இருந்தன. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. நீலச் சட்டை காய்ந்து விறைத்துப் போய் ஆடிக்கொண்டிருந்தது.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று நாத்தனார் கேட்டாள்.

அவள் நீலச் சட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எரர் வருது, ஒரு நிமிஷம் வந்து பாருன்னு கூப்பிட்டார்க்கா."

"போனியா?"

"இப்பதான் போயிட்டு வந்தேன்."

நாத்தனார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவளுடைய கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

வெளியே நான்காவது மாடியில் லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யாரோ இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கதவு மூடுகிற சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது இன்னும் திறந்தே இருந்தது.